வைஃபை மாடி ஏறிய மாதம்

ஜூன் 2, திங்கள்

சத்துணவு மையத்தில் இருந்தவரை அரிசி, பருப்பு, முட்டை என்று தினமும் எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் எழுதாமல் படுத்தால் அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருக்கிறது. இன்று எழுத விஷயமும் கிடைத்தது.

என் மகள் சுபாஷினிக்குக் கம்பெனியிலிருந்து ஓலை வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஜூலை முதல் பெங்களூர் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டுமாம். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் இருபதாம் தேதி ஒரு பரீட்சை. கதவு சாத்திய தனி அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீடியோவில் பேச வேண்டும். நடுவில் ஒரு தடவைகூட அறுந்து போகக் கூடாது. அடுத்தவர் கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை என்பதால் ஹாலில் நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்காரவும் கூடாது.

எங்கள் வீட்டில் வைஃபை பெட்டி கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுபாவின் அறை மாடியில். அங்கே ஒரு கோடு வரும், அதுவும் போய்விடும். முக்கியமான பேச்சு என்றால் மாடிப்படியில் வந்து நின்றுகொண்டு பேசுகிறாள். கீழே கதவு உள்ளது நடு அறை ஒன்றுதான். அங்கே இடமில்லை, சாமான் கிடக்கிறது.

"போகத்தான் வேணுமோ?" என்று கேட்டார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். எண்ணெய் மில்லில் கணக்கு எழுதி முதுகு போனதுதான் மிச்சம்.

"பெங்களூர் என்ன புலி இருக்கிற காடா? போகணும்னா போய்ட்டு வரட்டும்" என்றேன்.

சுபா பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இன்று தோசை கொஞ்சம் தடிமனாக வந்துவிட்டது. அதனால்தான் இருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

பக்கத்து வீட்டுக் கனகம் மதினி, சுபா ஏன் எப்போதும் படியிலேயே நிற்கிறாள் என்று கேட்டார்கள். காற்று வாங்குகிறாள் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். "தனுஷ்கோடி சார் வீடுதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, போனைக் கையில் பிடித்தபடி ஹாலுக்கும் மாடிக்கும் நடந்தார். பிறகு கேட்காமலே நடு அறைக்குள் போய்விட்டார்.

"அக்கா, பெட்டி நல்லாத்தான் வீசுது. நடுவுல உலோகம் கெடந்தா அலை மேல ஏறாது. இந்தப் பரண்ல என்ன வச்சிருக்கீங்க?"

பரணுக்குத் திரை போட்டிருக்கிறேன். அதில் கை வைத்தார்.

"திரையைத் தொடாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, இவர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இல்லக்கா, பழைய டிஷ் வயர் போன ஓட்டை அந்த மூலையிலதான் இருக்கு. மாடியில வந்து முடியிற எடத்தையும் பாத்தேன். சாமானை எறக்குனா பத்து நிமிச வேலை. வயரை ஓட்டி, மேல இன்னொரு பெட்டி வச்சுரலாம். கீழ உள்ள பெட்டியை மாடிக்குக் கொண்டு போகணும்னா லைனையே மாத்தணும், எழுதிக் குடுத்து மாசக்கணக்காகும்."

"அது எறக்குற சாமான் இல்ல" என்றேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு பெட்டியை மாட்ட ஆள் வேண்டுமா? பள்ளிக்கூடம் முழுவதுக்கும் ஒற்றை ஆளாகச் சாம்பார் வைத்த நாள் உண்டு. பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, சனி

இரண்டாவது பெட்டி கூரியரில் வந்தது. அக்சஸ் பாயிண்ட் என்று பெயர். நாலு கொம்பு வைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி இருக்கிறது. சுபா சாப்பிட வந்தபோது விளக்கினாள்.

"கீழ இருக்கிறதுதான்மா அடுப்படி. இது மாடியில நின்னு பரிமாறுற ஆளு. அடுப்படியில இருந்து மேல வர ஒரு வயர் வேணும்."

"வயர் இல்லாம ஆகாதா?"

"கீழ வர்ற அலையைப் பிடிச்சு மேல வீசுற மாதிரியும் வைக்கலாம். ஆனா அலை அது கைக்கு வரணும்ல."

அப்படியே வைத்தும் பார்த்தேன். மேசை மேல், கட்டில் மேல், ஜன்னல் திட்டில். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சுபா தட்டைக் கழுவி வைத்தாள். இப்போதெல்லாம் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். போன வருடம் இந்த நேரம் ஒரு வேளைக்கே கெஞ்ச வேண்டியிருந்தது. இதைச் சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

வயருக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். பரணும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம். ஹால் ஜன்னலில் வெளியே விட்டு, எங்கள் வீட்டுக்கும் கனகம் மதினி வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தின் மேலாக இழுத்து, மாடி ஜன்னலில் ஏற்றிக் கட்டிவிட்டேன். இரண்டு தலையும் மாட்டிய நீள வயர் பஜாரில் கிடைத்தது. இவர் கீழே நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நிக்குமா?" என்றார்.

"நான் கட்டுன முடிச்சு எது அவுந்திருக்கு?" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வயரைச் சொருகினேன். மாடியில் வைஃபை வரவில்லை. அதோடு கீழே இருந்ததும் போய்விட்டது. இவர் பார்த்துக்கொண்டிருந்த செய்தி வாயைத் திறந்தபடி நின்றது. சுபா மாடியிலிருந்து, "அம்மா, எதைத் தொட்ட?" என்று கத்தினாள்.

மத்தியானம் அவளே வந்து பார்த்தாள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் பெட்டி ஒரு விலாசம் கொடுக்குமாம். இரண்டு பெட்டியும் கடையிலிருந்து வரும்போதே நான்தான் முதலாளி என்ற நினைப்பில் வருவதால், இரண்டும் விலாசம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இது எனக்குத் தெரியாத பாடமா? ஒரே பந்தியில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் ஒரு இலைக்கு இரண்டு ஆள் வந்து நிற்பார்கள். மையத்தில் ஒரு தடவை புது ஆயாவும் பழைய ஆயாவும் அப்படித்தான் செய்து, முட்டைக்கு அடிதடி ஆனது.

"இதை நானே சரி பண்ணுதேன். நீ போய் வேலையைப் பாரு" என்றேன்.

ஜூன் 11, புதன்

ஜெயித்துவிட்டேன். நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது நான் செய்தது.

முதலில் வயரைக் கழற்றினேன். போனை எடுத்துப் புதுப் பெட்டியின் வைஃபையில் மட்டும் சேர்ந்தேன். பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்த எண்ணைப் போனில் அடித்தால் பெட்டியின் உள்வீடு திறக்கிறது. அங்கே போய்ப் பெட்டியின் சொந்த எண்ணை மாற்றினேன், இல்லாவிட்டால் கீழே உள்ள பெட்டிக்கும் இதற்கும் ஒரே கதவு எண் ஆகிவிடும். பிறகு டிஎச்சிபி என்று ஒரு பொத்தான். அதுதான் விலாசம் கொடுக்கிற வேலை. அதை அணைத்தேன். நீ பரிமாறு, டோக்கன் கொடுக்காதே என்று வாய்விட்டே சொன்னேன். கடைசியாக வயரைத் திரும்ப மஞ்சள் துளையில் போட்டேன். நேற்று முதலில் தவறாக நீலத் துளையில் சொருகிவிட்டு வெகு நேரம் காத்திருந்தேன். அது யாருக்கும் தெரிய வேண்டாம்.

மாடியில் எல்லாக் கோடும் நிமிர்ந்து நின்றன. சுபா வேகத்தை அளந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

சாயங்காலம் பால் பாயசம் வைத்தேன். பால் மிச்சமிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பத்து மணிக்கு வைஃபை போனது. வெளியே போய்ப் பார்த்தால் என் வயரில் மூன்று ஈரப் புடவை, ஒரு போர்வை. நடுவில் தொங்கிய பாரத்தில் வயரின் தலையே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"கொடி கட்டியிருக்கீங்க, எனக்கும் சேத்துத்தான்னு நெனைச்சேன் மதினி" என்றார்கள் கனகம் மதினி. கோபப்படவும் முடியவில்லை. என் கண்ணுக்கே அது துணிக்கொடியாகத்தான் தெரிந்தது.

ஜூன் 14, சனி

பஜாரில் கொடுத்துப் புதுத் தலை மாட்டினேன். இழுத்துக் கட்டினேன். கனகம் மதினிக்குத் தனியாக நைலான் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. காற்றும் பிறந்தது.

ஜூன் 16, திங்கள்

காற்று வீசும்போதெல்லாம் வயர் ஊஞ்சல் ஆடுகிறது. ஆடும்போதெல்லாம் மாடியில் அறுந்து போகிறது. சுபா சும்மா ஒரு மணி நேரம் தோழியோடு வீடியோ பேசி ஒத்திகை பார்த்தாள். ஏழு தடவை போனது. இந்த ஊர்க் காற்று ஆவணி வரை நிற்காது.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். "நான் பெங்களூருக்கே போறேம்மா. இல்லன்னா வேலையை விட்டுர்றேன். நீ இதைப் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்க வேணாம்."

"வேலையை ஏன் விடணும்? போயேன். நல்ல ஊருதான."

"அவனும் அதே ஆபீஸ்லதானம்மா. மூணாவது மாடி. நான் அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஒண்ணுதாம்மா."

இவர் சாதத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நானும் ரசம் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், தட்டு நிறைந்து தரையில் ஓடிய பிறகுதான் பார்த்தேன்.

அவள் சொன்னது அவ்வளவுதான். அந்த லிஃப்டில் ஏறி இறங்கித்தான் இவள் எலும்பும் தோலுமாகப் போனாள். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தாள். இங்கே வந்து, அந்த மாடி அறையில் உட்கார்ந்துதான் திரும்ப ஆளானாள். என் பிள்ளை போகக் கூடாது. இதை இரண்டாம் தேதியே எழுதியிருக்க வேண்டும், தோசையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நாளைக்குப் பரண்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் வாசல் கதவைத் திறந்தே வைத்தேன். நடு அறைக் கதவையும். திரையை உருவிப் போட்டேன்.

சுபா ஏணியைப் பிடித்தாள். இவருக்கு முதுகு ஆகாது, ஓரமாக நின்று வாங்கி வைக்கிறேன் என்றார். முதல் அண்டாவை நகர்த்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் கனகம் மதினி வந்தார்கள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியின் மறுபக்கம் ஏறினார்கள்.

பித்தளை அண்டா இரண்டு. தவலை. எவர்சில்வர் குடங்கள். சருவங்கள். அடுக்குப் பானை. குத்துவிளக்கு. இடியாப்ப உரல்கூட. எல்லாம் சணல் சாக்கில் கட்டியபடியே. கட்டியது நாங்கள் அல்ல, அந்த வீட்டுக்காரர்கள். சுபாவின் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த சீர். பிரிந்துவிடுவது என்று பேச்சு முடிந்த பிறகு ஒரு லாரியில் திரும்பி வந்தது. ஒன்றரை வருடமாக ஒரு முடிச்சுகூட நான் அவிழ்க்கவில்லை.

லாரி வந்த அன்று தெருவில் நான் சொன்னது வேறு. மாப்பிள்ளையும் பொண்ணும் வீடு மாறுகிறார்கள், சாமான் கொஞ்ச நாள் இங்கே கிடக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். சுபாவை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்றேன். நான் சொன்னதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

கனகம் மதினி ஒரு சாக்கை அவிழ்த்து உள்ளே இருந்த குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல கனம். புதுசு மாதிரியே கெடக்கு."

"மதினி, இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"குத்துவிளக்கும் அடுக்குப் பானையும் ஏத்திக்கிட்டு லாரி வந்தா தெருவுல யாருக்குத் தெரியாது? வீடு மாத்துறவ இடியாப்ப உரலையுமா அம்மா வீட்டுக்கு அனுப்புவா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

"ஒண்ணரை வருசமாவா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு தோணல. அதான் நாங்களும் கேக்கல."

சுபா ஏணிக்குக் கீழே நின்று சிரிக்க ஆரம்பித்தாள். அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிப்புத்தான். இவரும் திரும்பி நின்றுகொண்டு தோளைக் குலுக்கினார். கடைசியில் எனக்கும் வந்துவிட்டது. ஒரு தெருவே நான் சொன்ன பொய்யை எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது, அதைப் பொத்தி வைக்கத்தான் நான் திரை தைத்திருக்கிறேன்.

பரண் காலியானது. மூலையில், ஒரு சிலந்தி வலைக்குப் பின்னால், டிஷ் வயர் போன ஓட்டை. என் கட்டை விரல் நுழைகிற அளவு.

ஜூன் 18, புதன்

வயரைக் குச்சியில் கட்டி மேலே தள்ளினேன். மாடியிலிருந்து சுபா, "வந்துருச்சு" என்றாள். ஹாலிலிருந்து சுவரோரமாக, பரண் வழியாக, நேராக மாடி. காற்றுக்கும் வேலையில்லை, கனகம் மதினிக்கும் வேலையில்லை. மஞ்சள் துளையில் முதல் தடவையிலேயே சரியாகச் சொருகினேன்.

ஒரு வேலை பாக்கி. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தால்தான் போன் கீழிருந்து மாடிக்குப் போகும்போது தானாக மாறிக்கொள்ளுமாம். கீழ்ப் பெட்டிக்கு அந்தக் கம்பெனி ஆள் ஏதோ எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்திருந்தார். மேல் பெட்டிக்குக் கடைக்காரன் வைத்த பெயர்.

"என்ன பேரும்மா போடப் போற?" என்றாள் சுபா.

தரை முழுவதும் பாத்திரம். பக்கத்தில் கிடந்த குடத்தின் கழுத்தைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, 'த. சுபாஷினி'. கல்யாணத்துக்கு முன்னால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லி வெட்டியது. மாப்பிள்ளை கௌதம் பெயரையும் சேர்த்து வெட்டலாமே என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். சீர்ப் பாத்திரத்தில் பெண் பெயர்தான் வெட்டுவது, எங்கள் பக்கத்து வழக்கம் அது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர்களுக்கு வருத்தம். இன்றைக்கு எனக்கு எதையும் சுரண்ட வேண்டிய அவசியமில்லை.

போனில் அதே எழுத்தை அடித்தேன். முதலில் த, பிறகு புள்ளி, பிறகு பெயர்.

"அம்மா, இது தெரு முழுக்க எல்லார் போன்லயும் தெரியும்" என்றாள்.

"தெரியட்டும்" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பதினொரு மணிக்குப் பரீட்சை. காலையிலேயே மிக்சி, கிரைண்டர் எல்லாம் முடித்துவிட்டேன், பெட்டிக்குப் போகிற கரண்ட்டுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள் சுபா. இருந்தாலும். இவரைப் பெட்டிக்குக் காவல் வைத்தேன். நாற்காலி போட்டு அதன் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மாடிப்படியில். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை, தமிழும் இங்கிலீஷுமாக.

"சுபாஷினி கௌதம், அம் ஐ ஆடிபிள்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அறுந்துவிட்டதோ என்று எழுந்துவிட்டேன்.

பிறகு சுபாவின் குரல். "கேக்குது மேடம். பேர் மட்டும் மாத்திக்கோங்க. சுபாஷினி தனுஷ்கோடி."

"ஓ, சாரி. இப்பவே மாத்திர்றேன்."

வெளியே ஆனிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம், ஒரு தடவைகூடப் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"பாஸ்மா. இங்கயே இருக்கலாம்னுட்டாங்க."

"யாரு போட்ட வயரு?" என்றேன்.

கீழேயிருந்து இவர், "எழுந்திரிக்கலாமா?" என்று கேட்டார். முடிந்தது என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

ஜூன் 22, ஞாயிறு

பெரிய அண்டாவைப் புளி போட்டு விளக்கினேன். கண் கூசுகிற அளவு மின்னியது. வாசலிலேயே கல் கூட்டி, அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, இன்றைக்குத்தான் முதல் முதலாக நெருப்பைப் பார்க்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், என் மகள் அங்கே வேண்டாம் என்று வந்துவிட்டாள், இனி இங்கேயே இருந்து வேலை பார்க்கப் போகிறாள், அதற்குத்தான் என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டாம் தடவை வாங்கிப் போனார்கள். சுபாதான் கரண்டி பிடித்தாள்.

கனகம் மதினி பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே போனைத் தடவினார்கள்.

"மதினி, எங்க வீட்டுக்குள்ள ஒக்காந்தா 'த. சுபாஷினி'ன்னு எம் போன்ல வருதே."

"வரும். நான் வெட்டுன பேரு."

"நல்லா எல்லாக் கோடும் காட்டுது. அந்தப் பாஸ்வேர்டைக் குடுங்களேன்."

அது மட்டும் முடியாது என்றேன். அடுத்த வாரம் பேரனுக்கு மொட்டை போடுகிறார்களாம், அண்டாவை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.